கொர்பான் என்று சொல்லிவிட்டால் கடன் தீருமா?

நம் பங்குகளில் அடிக்கடி எழும் ஒரு வாதத்தை இங்கே எடுத்து ஆராய விரும்புகிறேன். ஒரு குடும்பம் உடைந்துபோகிறது. கணவனும் மனைவியும் மீண்டும் ஒரே கூரையின் கீழ் வாழ இயலாது என்பது இரு வீட்டாருக்கும் தெளிவாகிவிடுகிறது. அப்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைக் கேட்கிறாள்: "சாமி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டின வீட்டில் எனக்கு ஏதாவது உண்டா?" உடனே சுற்றியிருக்கும் பெரியவர்கள் வாய் திறக்கிறார்கள். "நம் திருச்சபையில் மணமுறிவே கிடையாது. மணமுறிவே இல்லாதபோது பங்குபாகம் எங்கிருந்து வரும்? பேசாமல் செபம் செய். கடவுள் ஒரு வழி காட்டுவார்."

கேட்பதற்கு இது பக்தியின் குரல் போலவே ஒலிக்கிறது. எனக்கோ இது மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தை நினைவூட்டுகிறது. தாய் தந்தையருக்குச் செய்யவேண்டிய உதவியைச் செய்ய மனமில்லாத ஒருவன், தன்னிடம் உள்ளதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்துகொண்ட காணிக்கை என்று சொல்லிவிட்டால் போதும். அவன் மேல் கடமை எதுவும் இல்லை என்று அக்கால மறைநூல் அறிஞர் சிலர் தீர்ப்புக் கூறிவந்தனர். ஆண்டவர் அந்த வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். கடவுளின் பெயரைச் சொல்லியே கடவுளின் கட்டளையை வெறுமையாக்குகிறீர்கள் என்பதே அவருடைய குற்றச்சாட்டின் சாரம்.

திருமணத்தின் முறிக்கவொண்ணாத் தன்மை நம் நம்பிக்கையின் கருவூலம். அதைச் சிறிதும் குறைத்துப் பேச நான் வரவில்லை. முறைப்படி நிறைவேறி முழுமை பெற்ற கிறிஸ்தவத் திருமணத்தை எந்த மனித அதிகாரத்தாலும் அவிழ்க்க இயலாது என்னும் 1141ஆம் திருச்சபைச் சட்டத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அந்த உண்மையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, உழைத்த மனைவிக்குச் சேரவேண்டிய பொருளை மறுக்கிற வழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன். அது நம் காலத்துக் கொர்பான்.

நாட்டின் சட்டம் சொல்வது என்ன?

முதலில் நாம் நிற்கும் நிலத்தை அறிந்துகொள்வோம். இந்தியக் கிறிஸ்தவர்களுக்குரிய வாரிசுரிமைச் சட்டம் 1925ஆம் ஆண்டினது. அதன் 20ஆம் பிரிவை நம் மக்களில் படித்தவர்கள்கூட அறிந்திருப்பதில்லை. திருமணம் செய்துகொண்டதனாலேயே ஒருவர் தம் துணைவரின் சொத்தில் எந்த உரிமையும் அடைவதில்லை. தம் சொந்தச் சொத்தின் மீது தமக்கிருந்த அதிகாரத்தை இழப்பதும் இல்லை என்பது அப்பிரிவின் பொருள். மணமக்களில் ஒருவரேனும் இந்து, இஸ்லாம், பௌத்தம், சீக்கியம், சமணம் ஆகிய சமயங்களைச் சார்ந்தவராயின் இப்பிரிவு அவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே நடைமுறையில் இது பெரும்பாலும் நம்மைக் குறித்த விதியே.

இந்த விதி தீய எண்ணத்தோடு எழுதப்பட்டதன்று. இதன் வேர் 1865ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அக்கால ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, ஒரு பெண் மணமானவுடன் அவளுடைய அசையும் பொருள்கள் கணவனுக்கே உரியவையாகிவிடும். இந்தியாவிலுள்ள பெண்களுக்கு அந்நிலை நேரக்கூடாது என்பதற்காக, 1866 ஜனவரி 1ஆம் நாளுக்குப் பின் நடைபெறும் திருமணங்களில் அவரவர் சொத்து அவரவருக்கே என்று விதித்தார்கள். இங்கிலாந்தின் பெண்கள் அத்தகைய பாதுகாப்பை 1870, 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வழியாகத்தான் பெற்றனர். எனவே அன்றைக்கு இது பெண்ணுக்கு ஓர் அரண். தந்தை வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்ததைக் கணவன் விழுங்கிவிடாமல் அது காத்தது.

ஆனால் அவள் கொண்டுவந்ததைக் காத்த அந்த அரண், வந்தபின் அவள் உழைத்துச் சேர்த்ததைக் காக்கவில்லை. 'அவரவர் சொத்து அவரவருக்கு' என்றால், பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு என்றுதான் நடைமுறையில் பொருளாகிறது. நம் ஊர்களில் பத்திரம் யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதிலுள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். கணவன் உயில் எழுதாமல் இறந்து, பிள்ளைகளும் இருந்தால், அதே 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனைவிக்கு அவனுடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். அவன் உயிரோடிருந்து அவளை வீட்டைவிட்டு அனுப்பினால், அவனுடைய சொத்தில் அவளுக்கென்று ஒரு பங்கும் இல்லை. விதவைக்கு உள்ள உரிமைகூடக் கைவிடப்பட்டவளுக்கு இல்லை!

"ஜீவனாம்சம் இருக்கிறதே" என்று சொல்லலாம். இருக்கிறது. 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. வழக்கு நடக்கும் காலத்தில் தரவேண்டிய தொகை, கணவனுடைய நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றிருந்த பழைய வரம்பும் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிவிட்டது. கணவனும் மனைவியும் தத்தம் வருமானத்தையும் உடைமைகளையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் நெறிமுறை வகுத்தது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எந்தச் சமயத்துப் பெண்ணுக்கும் தான் வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. இவையெல்லாம் நன்றே. ஆயினும் குடியிருப்பது வேறு, உடைமை வேறு. மாதாமாதம் ஒருவன் கையை எதிர்பார்த்துப் பெறும் பிழைப்பூதியம் வேறு, தன் உழைப்பின் பயனைத் தன்னுடையதாகப் பெறுவது வேறு. கணவன் மனைவியரிடையே எழும் சொத்து வழக்கை விசாரிக்க, 1984ஆம் ஆண்டின் சட்டப்படி குடும்ப நல நீதிமன்றம் உண்டு. எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் விதிதான் இல்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. இந்துத் திருமணச் சட்டத்தையும் சிறப்புத் திருமணச் சட்டத்தையும் திருத்தி, மணமுறிவின்போது மனைவிக்குக் கணவன் சொத்தில் பங்கு தர வழிசெய்ய ஒரு மசோதா 2010இல் கொண்டுவரப்பட்டது. 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறிய அது, மக்களவையில் நிறைவேறாமலே காலாவதியாயிற்று. ஆனால் அடுத்த வீட்டிலும் இருட்டு என்பதற்காக நம் வீட்டில் விளக்கேற்றாமல் இருக்கலாமா?

வீட்டைக் கட்டியவர் யார்?

நம் கடற்கரை ஊர்களிலும் தென்மாவட்டக் கிராமங்களிலும் பலரும் அறிந்த ஒரு வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். திருமணமான மறு ஆண்டே கணவன் வளைகுடா நாட்டுக்குப் போகிறான். விசாவுக்குப் பணம் வேண்டும். மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அவன் அங்கே வெயிலில் உழைக்கிறான். அது உண்மையான உழைப்பு, அதை மறுப்பது பாவம். இவள் இங்கே மாமனார் மாமியாரைப் பார்க்கிறாள், பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள், வரும் பணத்தில் மிச்சம் பிடிக்கிறாள், சீட்டுக் கட்டுகிறாள், மனையை விலை பேசுகிறாள், கொத்தனாரோடும் ஆசாரியோடும் கணக்குப் பார்க்கிறாள், தண்ணீர் சுமந்து புதுச்சுவருக்கு ஊற்றுகிறாள். பத்திரம் மட்டும் அவன் பெயரில். சில வேளைகளில் அதுவும் இல்லை. அவன் தந்தையின் பெயரில், தம்பியின் பெயரில். பதினைந்து ஆண்டுகள் கழித்து உறவு உடையும்போது, அவள் என்ன சம்பாதித்தாள் என்று கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. மகளிர் சுய உதவிக் குழுவில் பெண்ணின் பெயரில் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் ஆணுக்கு வலையும் எஞ்சினும் வாங்குகிறோம். உறவு முறிந்தால் படகு அவனோடு போகிறது. கடன் அவளோடு தங்குகிறது. சொத்தைப் பிரிக்கக்கூடாது என்கிறவர்கள் கடனை மட்டும் இவ்வளவு அழகாகப் பிரித்துவிடுகிறார்களே!

இவ்விடத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் வழங்கிய ஒரு தீர்ப்பைக் குறிப்பிட வேண்டும். சவூதி அரேபியாவில் பல ஆண்டுகள் வேலை செய்த ஓர் இந்துக் கணவருக்கும், ஊரில் குடும்பத்தைப் பேணிய அவர் மனைவிக்கும் இடையே எழுந்த சொத்து வழக்கு அது. கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பேணிய மனைவியின் பங்களிப்பும் அடங்கியிருக்கிறது என்றும், அதனால் அவருக்குச் சமபங்கு உண்டு என்றும் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். மனைவியின் அத்தகைய பங்களிப்பை ஏற்கும் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை; ஆயினும் நீதிமன்றம் அதை ஏற்கத் தடையில்லை என்பது அவர் காட்டிய நெறி. கணவன் வேலைக்கு நேரக் கணக்கு உண்டு, இல்லத்தரசியின் வேலைக்கு ஓய்வு நேரமே இல்லை என்பதையும் அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

நீதிபதி கண்டுகொண்டதை நீதிமொழிகள் நூலின் ஆசிரியர் முன்னரே கண்டுகொண்டார். அந்நூலின் 31ஆம் அதிகாரத்தை நாம் திருமணத் திருப்பலிகளில் விருப்பத்தோடு வாசிக்கிறோம். அங்கே போற்றப்படும் பெண் ஒரு நிலத்தைப் பார்த்து மதிப்பிட்டு வாங்குகிறாள். தன் கைம்முயற்சியால் திராட்சைத் தோட்டம் அமைக்கிறாள். இறுதியில் அவளுடைய கைகளின் பயனை அவளுக்கே கொடுக்கவேண்டும் என்ற கட்டளையோடு அதிகாரம் முடிகிறது. நம் மறையுரைகள் அவளுடைய அடக்கத்தையும் சுறுசுறுப்பையும் புகழ்ந்துவிட்டு, அந்தக் கட்டளை வருமுன்னே நின்றுவிடுகின்றன.

நமக்கு ஒரு சொல் உண்டு

கணவனும் மனைவியும் மணவாழ்வில் சேர்ந்து ஈட்டியதைத் தனியொரு வகையாகக் கருதுவது மேலைநாட்டு இறக்குமதி என்று சிலர் கூறுகிறார்கள். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். அங்குள்ள தமிழரின் மரபு வழக்குகளை ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவில் எழுத்தில் தொகுத்தனர். அதற்குத் தேசவழமை என்று பெயர். சமய வேறுபாடின்றி யாழ்ப்பாணத் தமிழருக்குரிய சட்டமாதலால், அங்குள்ள கத்தோலிக்கரும் அதற்கு உட்பட்டவர்களே. அது குடும்பச் சொத்தை மூன்றாகப் பகுக்கிறது: முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குத் தந்தது சீதனம், மணவாழ்வில் இருவரும் ஈட்டியது தேடியதேட்டம். முதுசம் அவரவர் குலவழிக்கு, சீதனம் பெண்ணுக்கு, தேடியதேட்டத்தில் இருவருக்கும் பாதிப் பாதி என்பதே அம்மரபின் அடிப்படை. பிற்காலச் சட்டங்கள் அதன் விவரங்களை மாற்றியிருக்கின்றன. மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற குறையும் அங்கே உண்டு. எனினும், தேடியதேட்டம் என்ற சொல்லைப் பாருங்கள். யார் பெயரில் பத்திரம் என்று அச்சொல் கேட்கவில்லை. யார் தேடியது என்று கேட்கிறது.

நம் நாட்டிலேயே கோவாவைப் பார்க்கட்டும். 1867ஆம் ஆண்டின் போர்ச்சுகீசிய உரிமையியல் சட்டத்தின் வழிவந்த அங்குள்ள குடும்பச் சட்டத்தில், மணமக்கள் திருமணத்துக்கு முன் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி, சொத்து இருவருக்கும் பொதுவாகிவிடும். பிரிவு வந்தால் பாதிப் பாதி. பிரான்சிஸ் சவேரியாரின் உடல் தாங்கிய அந்த மண்ணின் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக அவ்வாறே வாழ்கிறார்கள். அதனால் அவர்களுடைய விசுவாசம் ஒன்றும் தேய்ந்துவிடவில்லை.

திருச்சபை உண்மையில் கற்பிப்பது

இனி, "திருச்சபை இதில் தலையிடாது" என்கிறவர்களுக்கு வருவோம். அவர்கள் பெரும்பாலும் திருச்சபைச் சட்டத்தின் ஒரே ஒரு வரியை மட்டும் அறிந்தவர்கள். சுற்றிலும் உள்ள வரிகளை நான் எடுத்துக்காட்டுகிறேன்.

திருமணம் என்பது முழு வாழ்வின் தோழமை என்கிறது 1055ஆம் சட்டம். அத்தோழமைக்குரியவற்றில் கணவன் மனைவி இருவருக்கும் சமமான உரிமையும் கடமையும் உண்டு என்கிறது 1135ஆம் சட்டம். முழு வாழ்வையும் பங்கிட்டுக்கொண்டவர்கள் ஒரு மனையை மட்டும் பங்கிடமுடியாது என்பது என்ன இறையியல்? துணைவரால் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பேராபத்து நேரும்போது பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்று 1153ஆம் சட்டம் ஏற்கிறது. அப்படிப் பிரிந்தபின் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு எப்போதும் இருக்கவேண்டும் என்று 1154ஆம் சட்டம் கட்டளையிடுகிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2383ஆம் எண்ணில் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. சில சட்ட உரிமைகளையோ, பிள்ளைகளின் நலத்தையோ, குடும்பச் சொத்தையோ காப்பதற்கு உரிமையியல் மணமுறிவு ஒன்றே வழி என்றால், அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அது ஒழுக்கக் குற்றமாகாது என்பது அதன் கருத்து. கவனியுங்கள்: மறைக்கல்வியே சொத்தைப் பற்றிப் பேசுகிறது. அதை நீதிமன்றத்தில் கேட்கப்போகும் பெண்ணை நற்கருணையிலிருந்து விலகி நிற்கச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. நாட்டுச் சட்டத்தின்படி பிரிந்து, மறுமணம் செய்யாமல் வாழ்கிறவருக்கு அத்தகைய தடை ஏதுமில்லை.

திருமணம் செல்லாது என்று திருச்சபை நடுவர் மன்றம் அறிவிக்கும் வழக்குகளில் வேறொரு கொர்பான் பிறக்கிறது. "திருமணமே இல்லை என்று ஆயர் மன்றம் சொல்லிவிட்டது, ஆகவே நாங்கள் அவளுக்கு எதுவும் தரவேண்டியதில்லை." இப்படிச் சொல்லும் குடும்பத்தார் இரண்டு செய்திகளை மறைக்கிறார்கள், அல்லது அறியாதிருக்கிறார்கள்.

ஒன்று: திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் திருமண வழக்கு முறையைச் சீர்திருத்தியபோதும் மாறாமல் காத்த ஒரு விதி உண்டு. முன்பு 1689ஆம் எண்ணில் இருந்தது. இப்போது 1691ஆம் எண்ணில் இருக்கிறது. இரு தரப்பினரும் ஒருவருக்கொருவரும் தம் பிள்ளைகளுக்கும் செய்யவேண்டிய அறநெறிக் கடமைகளையும், உரிமையியல் கடமைகளையும்கூட, தீர்ப்பிலேயே நினைவூட்டவேண்டும் என்பது அவ்விதி. இதனோடு 1071ஆம் சட்டத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும். முந்தைய உறவிலிருந்து எழுந்த இயற்கைக் கடமைகள் துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ நிலுவையில் இருக்குமானால், அப்படிப்பட்டவரின் புதிய திருமணத்தைத் தலத் திருச்சபை அதிகாரியின் அனுமதியின்றிப் பங்குத்தந்தை நடத்திவைக்கலாகாது. ஓலை வாசிக்கும் முன் அந்த ஒரு கேள்வியை நாம் கேட்டிருந்தால், எத்தனை பெண்களின் நகை திரும்பி வந்திருக்கும்!

இரண்டு: திருச்சபை நடுவர் மன்றத்தின் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தின்முன் திருமணத்தைக் கலைப்பதில்லை. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே இதைத் தெளிவாக்கியது. திருச்சபைத் தீர்ப்புகளுக்குச் சட்ட ஏற்பு வேண்டும் என்ற பொதுநல வழக்கையும் 2017இல் தள்ளுபடி செய்தது. ஆகவே ஆயர் மன்றத் தீர்ப்பைக் காட்டி ஒருவன் தன் உரிமையியல் கடமையிலிருந்து நழுவ முயன்றால், அவன் இரண்டு சட்டங்களையும் ஒருசேர மீறுகிறான்.

ஆண்டவர் வாழ்ந்த யூத சமுதாயத்தையும் எண்ணுவோம். அங்கே கணவன் தன் மனைவிக்குக் 'கெத்துபா' என்னும் மண ஒப்பந்தம் எழுதித் தரும் மரபு இருந்தது. அவன் அவளைத் தள்ளிவிட்டாலோ இறந்துபோனாலோ அவளுக்குச் சேரவேண்டிய தொகை அதில் குறிக்கப்பட்டது. கன்னியாக மணந்தவளுக்கு 200 வெள்ளிக்காசு, கைம்பெண்ணாக மணந்தவளுக்கு 100 என்று யூத மரபுநூலாகிய மிஷ்னா அளவு சொல்கிறது. மோசே மணவிலக்குக்கு இடம்தந்தது உங்கள் கடின உள்ளத்தின் பொருட்டே என்று ஆண்டவர் சொன்னபோது, ஆண்களின் கடின உள்ளத்தைத்தான் கண்டித்தார். அவருடைய சொல்லையே காட்டி, அக்காலத்துப் பெண்ணுக்கு இருந்த குறைந்த அளவுப் பாதுகாப்பும் இக்காலத்துப் பெண்ணுக்கு இல்லாமற் செய்வது எவ்வளவு பெரிய கொடுமை!

எழுப்பப்படும் தடைகள்

"பங்கு கிடைக்கும் என்று தெரிந்தால் பெண்கள் எளிதில் பிரிந்துபோவார்கள்" என்பது முதல் தடை. வெறுங்கையோடு வெளியேறவேண்டும் என்ற அச்சத்தால் மட்டும் ஒரு மனைவி வீட்டில் தங்கியிருக்கிறாள் என்றால், அதற்குப் பெயர் திருமணமா, சிறையா? உறவை முறிப்பவன் பாதியைத் தரவேண்டியிருக்கும் என்று அறிந்தால், கை ஓங்குமுன் கணவனும் சற்று எண்ணுவான். இன்று முறித்துக்கொண்டு போவதற்கு அவனுக்குச் செலவே இல்லை. மேரி ராய் தொடுத்த வழக்கில், திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் இனிச் செல்லாது, மகள்களுக்கும் சமபங்கு உண்டு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், வழக்குகள் பெருகும், குடும்பங்கள் சிதையும் என்ற கூக்குரல் கேரளக் கிறிஸ்தவரிடையே எழுந்தது. குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. சகோதரிகள் பங்கு கேட்டதனால் திருச்சபை இடிந்துவிடவில்லை.

"பொய்யாகக் குற்றம் சாட்டும் பெண்களும் இருக்கிறார்களே" என்பது அடுத்தது. இருக்கிறார்கள். ஆனால் நான் கேட்பது பெண்ணுக்குச் சலுகை அன்று. இருவருக்கும் ஒரே அளவுகோல். மாமனார் தந்த மனையில், மனைவி பெயரிலுள்ள பத்திரத்தின்மேல், தன் உழைப்பையெல்லாம் கொட்டி வீடு கட்டிவிட்டு, முதிர்ந்த வயதில் வெளியே நிற்கும் ஆண்களும் நம் பங்குகளில் உண்டு. அவனையும் அதே 20ஆம் பிரிவுதான் கைவிடுகிறது. தேடியதேட்டம் என்ற நெறி அவனுக்கும் நீதி செய்யும்.

"பூர்வீகச் சொத்து என்னாவது?" என்று கேட்பவர்களுக்கு விடை எளிது. பாட்டன் வைத்த தென்னந்தோப்பை எவரும் கேட்கவில்லை. மணநாளுக்குப்பின் இருவரும் சேர்ந்து தேடியதையும், சேர்ந்து பட்ட கடனையும் இரண்டாகப் பிரியுங்கள் என்பதே கோரிக்கை.

"பணவிவகாரம் ஆலயத்துக்கு ஏற்றதன்று" என்று கடைசியாகச் சொல்கிறார்கள். நிச்சயதார்த்தத்தின்போது இத்தனை பவுன், இவ்வளவு ரொக்கம் என்று பேசிமுடிக்கிறார்கள். பங்குப் பேரவைப் பெரியவர்கள் அங்கே சாட்சியாக அமர்ந்து காப்பி அருந்துகிறார்கள். கொடுக்கும்போது ஏற்றதாயிருந்த பணவிவகாரம், திருப்பித் தரும்போது மட்டும் ஏற்காததாகிவிடுமா? வேலையாளின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என்று திருத்தூதர் யாக்கோபு எச்சரிக்கிறார். மனைவி வேலையாள் அல்லள் என்பது உண்மை. வேலையாளுக்குத் தரும் நீதியைக்கூட மனைவிக்குத் தரமாட்டோம் என்பதற்கு அது காரணமாகாது.

நாம் செய்யவேண்டியவை

சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. நம் கையில் இன்றே உள்ளவை பல.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் செபத்தையும் குழந்தை வளர்ப்பையும் பற்றிப் பேசும் நாம், உடைமையைப் பற்றியும் பேசவேண்டும். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேட்காமல் மனமுவந்து தரும் அன்பளிப்புகளுக்கும், மணமகள், மணமகன் இருவர் பங்கிலும் தனித்தனிப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அப்பட்டியலை எழுதிக்கொண்டீர்களா என்று ஓலை வாசிக்கும் முன் கேட்பதற்குப் பங்குத்தந்தைக்கு எத்தனை நிமிடம் ஆகும்? பெண்ணின் நகை அவளுடையது. கணவன் வீட்டார் அதற்குக் காவலர் மட்டுமே. திருப்பித் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடி என்று உச்ச நீதிமன்றம் 1985இல் கூறியதையும் மணமக்கள் இருவரும் அறியட்டும்.

புதிதாக வாங்கும் மனையையும் வீட்டையும் இருவர் பெயரிலும் பதிவு செய்யும் வழக்கத்தை அன்பியங்களில் வளர்ப்போம். புதுவீட்டை மந்திரிக்க அழைப்பவர்களிடம் இதை அன்போடு கேட்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பெயருக்குப் பதில் இரண்டு பெயர் எழுதுவதால் எவருடைய ஆண்மையும் குறைந்துவிடாது.

குடும்பப் பிணக்குக்காகப் பங்குப் பேரவை கூடும்போது, "சேர்ந்து வாழுங்கள்" என்பதோடு நின்றுவிடாமல், சேரமுடியாவிட்டால் யார் யாருக்கு என்ன தரவேண்டும் என்பதையும் எழுத்தில் கொண்டுவரவேண்டும். அந்த அமர்வில் பெண்களும் இருக்கவேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எந்தப் பெண்ணும், அவளுடைய வருமானம் எவ்வளவாயினும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம் என்ற செய்தியை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்போம்.

இவற்றுக்கும் மேலாக, சட்டத்திருத்தம் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். 1869ஆம் ஆண்டுச் சட்டத்தில், கணவனின் விபசாரத்தோடு வேறொரு கொடுமையையும் மனைவி மெய்ப்பித்தாலன்றிப் பெரும்பாலும் விடுதலை இல்லை என்றிருந்த அநீதி 2001இல் நீங்கியது. கிறிஸ்தவப் பெண்களும் திருச்சபைகளும் நெடுங்காலம் கேட்டதன் பயன் அது. அவ்வாறே, மணவாழ்வில் இருவரும் ஈட்டியதில் இருவருக்கும் சமபங்கு என்ற விதியை நம் சட்டத்தில் சேர்க்கும்படி கத்தோலிக்கப் பொதுநிலையினரே முன்வந்து கேட்கவேண்டும். தனிச்சட்டம் நம் உரிமை என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் அநீதியைத் திருத்துவதும் நம் கடமைதான். நாம் திருத்தாவிட்டால் பிறர் வந்து திருத்துவார்கள்; அப்போது முறையிட நமக்கு வாய் இருக்காது.

மலாக்கி இறைவாக்கினர் ஒரு காட்சியை விவரிக்கிறார். இளமையில் மணந்த மனைவிக்கு வஞ்சகம் செய்தவர்கள் காணிக்கையோடு பீடத்தண்டை வருகிறார்கள். பீடம் கண்ணீரால் நனைந்திருக்கிறது. ஆண்டவர் காணிக்கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏன் என்று அவர்கள் கேட்கிறார்கள். உடன்படிக்கையின் மனைவிக்கு நீ செய்ததற்கு ஆண்டவரே சாட்சி என்பது இறைவாக்கினரின் விடை. உடைந்துபோன இல்லங்களின் கணவர்களே, அவர்களுக்காகப் பரிந்து பேசும் பெரியவர்களே, ஞாயிறு திருப்பலிக்கு வருமுன் வீட்டுப் பத்திரத்தையும் நகைக் கணக்கையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவளுக்குச் சேரவேண்டியதை முதலில் கொடுத்துவிடுங்கள். காணிக்கையை அதன்பின் கொண்டுவரலாம்.